கேரவன் வேன்களின் பேட்டரி வயரிங்கைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேன்களைக் கேரவனாக மாற்றிக் குடும்பத்தோடு ஊர் சுற்றும் வழக்கம் தென் மாவட்டங்களில் பெருகி வருவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். கட்டில், சமையல் மேடை, கழிப்பறை, கூரையில் சோலார் என எல்லாவற்றையும் படத்தோடு விளக்கியிருந்த கட்டுரையாளர், இவை அத்தனைக்கும் உயிர் கொடுக்கும் பேட்டரி வயரிங்கை மட்டும், சோலார் வைத்துவிட்டால் கரண்ட் பற்றிய கவலையே இல்லை என்ற ஒற்றை வரியோடு முடித்துவிட்டார். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவின் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அந்தக் கவலையை ஓடும் வண்டிக்குள் அனுபவித்தவன் என்ற முறையிலும், அந்த வரியை அப்படியே விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை.

வண்டியிலேயே தங்குவது மதுரைச் சீமைக்குப் புதிதல்ல. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கச் சுற்றுவட்டாரத்துச் சனங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியடியிலேயே சமைத்து உண்டு நாலைந்து நாள் தங்கிப் போனதைப் பார்த்த தலைமுறை என்னுடையது. அன்று வண்டியின் அடியில் தொங்கிய அரிக்கேன் விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். திரியை இறக்கினால் தீர்ந்தது. இன்று அந்த இடத்தில் ஐம்பது, அறுபது கிலோ எடையுள்ள பேட்டரி அமர்ந்திருக்கிறது. அதற்கு இறக்குவதற்குத் திரி இல்லை. ஃபியூஸ் ஒன்றுதான் உண்டு, அதுவும் யாராவது நினைவாகப் போட்டிருந்தால்.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நானும் என் மைத்துனரும் சேர்ந்து பழைய பன்னிரண்டு இருக்கை வேன் ஒன்றை வாங்கி, பின்பாதி இருக்கைகளை எடுத்துவிட்டு, நகருக்கு வெளியே உள்ள ஒரு பட்டறையில் கேரவன் போலச் செய்யக் கொடுத்தோம். அவர்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றைக் கடைசி இருக்கைக்குக் கீழே வைத்து, அதையும் இன்ஜின் பேட்டரியையும் ஒரே வயரால் நேரடியாகச் சேர்த்து, கூரையில் 330 வாட் சோலார் தகடு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது, நாங்களும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வயரிங் சொல்லிக் கொடுத்தவன், சொந்த வண்டியின் இருக்கைப் பலகையைத் தூக்கிப் பார்க்காமல் வந்தது என் தவறு. அதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன்.

மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலுள்ள எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய், வயலோரத்தில் வண்டியை நிறுத்தி இரவு தங்கினோம். விடிந்ததும் செல்ஃப் எடுக்கவில்லை. இரவு முழுதும் ஓடிய ஃபேனும் விளக்கும் உள்ளே இருந்த பேட்டரியை மட்டும் அல்லாமல், அதோடு இணைந்திருந்த இன்ஜின் பேட்டரியையும் சேர்த்து உறிஞ்சிவிட்டிருந்தன. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் வயர் போட்டுக் கிளப்பிக்கொண்டு மதுரைக்குத் திரும்பினோம். செக்கானூரணியை நெருங்கும்போது என் மாமியார் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வருகிறது என்றார். திரும்பிப் பார்த்தபோது கடைசி இருக்கைக்கு அடியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன், எல்லோரையும் இறக்கினேன், புகை நிற்கவில்லை. கைப்பிடியில் துண்டைச் சுற்றிய ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றிய பிறகும் வயர் கனன்றுகொண்டே இருந்தது. முன்னால் ஓடிப் போய் இன்ஜின் பேட்டரியின் கிளாம்ப்பையும் கழற்றிய பிறகுதான் அது அடங்கியது. யாருக்கும் காயமில்லை. இருக்கையின் நுரைப் பஞ்சு இரண்டு கையகலத்துக்குக் கருகியிருந்தது.

என்ன நடந்தது என்பதை விளக்கினால், வேன் வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் வண்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்பது விளங்கும். இரவில் காலியாகிப் போன பெரிய பேட்டரி, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் இன்ஜினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் கரண்ட்டைப் பசித்தவன் சோற்றை அள்ளுவது போல அள்ளியது. அவ்வளவையும் சுமந்தது வெறும் 6 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 6 சதுர மில்லிமீட்டர்) வயர்; அதிலும் அது முழுத் தாமிரம் அல்ல, தாமிரம் பூசிய அலுமினியம். ஒரே கனத்தில் தாமிர வயரைவிட அதற்கு மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சூடாகி இளகிய உறை, தகரத்தில் துளையிட்ட இடத்தின் கூர்விளிம்பில் அறுபட்டு, வயர் பாடியைத் தொட்டிருக்கிறது. அந்த இடத்தில் ஐந்து ரூபாய் ரப்பர் வளையம் ஒன்று இருந்திருந்தால் உறை அறுபட்டிருக்காது. வயரில் ஃபியூஸ் இருந்திருந்தால், அறுபட்ட நொடியிலேயே கதை முடிந்திருக்கும்.

ஒரு பேட்டரியைக் கழற்றியும் வயர் கனன்றது ஏன் என்பது இன்னும் முக்கியமானது. அந்த வயரின் இரு முனையிலும் பேட்டரி இருந்தது. நடுவில் எங்கே அறுபட்டாலும் இரு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். ஆகவே இரண்டு பேட்டரிகளை இணைக்கும் வயருக்கு ஒரு ஃபியூஸ் போதாது. இரு முனையிலும், ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள், தனித்தனி ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸ் என்பது ஃபேனையோ இன்வெர்ட்டரையோ காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரியின் அருகில் இருக்கும் ஃபியூஸ் வயரைக் காப்பதற்கு. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயருக்கு எந்தக் காவலும் கிடையாது என்பதால்தான் அந்தத் தூரத்தை ஒரு சாணுக்குள் நிறுத்தச் சொல்கிறோம். இந்தப் பேட்டரிகள் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் தரக்கூடியவை. ஆகவே கண்ணாடிக் குழாய் ஃபியூஸோ, வீட்டு ஃபியூஸ் கட்டையில் சுற்றும் கம்பியோ இங்கே உதவாது, பேட்டரி தரும் டி.சி. என்னும் ஒரே திசைக் கரண்ட் பெரிதாகப் பாய்ந்தாலும் அறுக்கும் திறனுள்ளதென்று அச்சிட்ட, போல்ட் போட்டு முடுக்கும் ஃபியூஸ்தான் வேண்டும்.

பட்டறைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வீட்டு வயரிங்கில் கைதேர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே வண்டிக்குள் கொண்டுவந்ததுதான் பிழை. வீட்டில் 750 வாட் மிக்சி ஓடினால் 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல்தான் எடுக்கும். 1 ஸ்கொயர் வயரே தாங்கும். அதே மிக்சியை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, பேட்டரி வயரில் ஏறத்தாழ 70 ஆம்பியர் ஓடும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இரண்டு மீட்டர் தூரம் என்றால், போகவும் வரவும் நான்கு மீட்டர் வயர். அது 2.5 ஸ்கொயர் தாமிரமாக இருந்தால் அதன் மின்தடை 0.028 ஓம். 70 ஆம்பியரில் ஏறத்தாழ 2 வோல்ட் வயரிலேயே தொலைந்து, 137 வாட் வெப்பமாக வெளிப்படும். சாலிடரிங் அயர்ன் இரண்டைச் சூடாக்கிப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்ததற்கு ஒப்பானது அது. 25 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட், வெப்பம் 14 வாட்.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. பாதி சார்ஜ் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி (எங்கள் டியூபுலரும் இந்த ஈய-அமில வகைதான்) ஓய்வில் 12.2 வோல்ட் காட்டும். அதிலிருந்து 2 வோல்ட் வயரில் போய்விட்டால் இன்வெர்ட்டருக்குக் கிடைப்பது 10.2. பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் வாக்கில் நின்றுவிடும். உடனே பேட்டரி டவுன், பேட்டரி மோசம் என்று சொல்லிப் புதுப் பேட்டரி வாங்குகிறார்கள். பழைய பேட்டரியில் பாதி சார்ஜ் அப்படியே இருக்கிறது, மோசம் வயர்தான். பேட்டரி கடைக்குப் போகும் முன், மிக்சி ஓடும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் எத்தனை வோல்ட் என்று ஒரு மல்டிமீட்டரால் அளந்து பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வயரையும் அதன் முனையில் மாட்டும் உலோகக் கொண்டியான லக்கையும் மாற்றுவதுதான் முதல் வேலை. கனமான வயர் கிடைக்கவில்லை என்பவர்கள் நல்ல வெல்டிங் கேபிளை வாங்கலாம். மெல்லிய தாமிர இழைகளால் ஆனது, வளைந்துகொடுக்கும், வண்டியின் அதிர்வைத் தாங்கும். ஆனால் அதன் முனையை முறுக்கி டேப் சுற்றுவதோ, சுத்தியலால் லக்கைத் தட்டி நசுக்குவதோ கூடாது. சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும்.

இரண்டு பேட்டரிகளையும் பிரித்து வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்ஜின் பேட்டரி மெல்லிய தகடுகளால் ஆனது. சில நொடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதற்காகப் பிறந்தது. உள்ளே விளக்குக்கும் ஃபேனுக்கும் வைக்கும் இரண்டாவது பேட்டரி கனத்த தகடுகளைக் கொண்டது. மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுக்கும். இரண்டும் வேறு வேறு வேலைக்காரர்கள். வண்டி நிற்கும்போது ஒன்றின் சுமை மற்றொன்றின் மேல் விழவே கூடாது. பழைய வண்டிகளில், இன்ஜின் ஓடி வோல்ட்டேஜ் 13.3 வாக்கில் உயர்ந்ததும் இணைத்து, நின்றதும் துண்டிக்கும் ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் ஒன்றே இந்த வேலையைச் செய்துவிடும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்னும் புகை மாசு விதிப்படி செய்த வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜை இன்ஜினின் கணினியே ஏற்றி இறக்குகிறது. அவற்றில் ரிலே குழம்பிப் போகும். இரண்டாவது பேட்டரி லித்தியமாக இருந்தாலோ, மின்தடை மிகக் குறைந்த அது ஆல்டர்னேட்டரைப் பிழிந்து எரித்துவிடக்கூடும். இவ்விரு நிலையிலும், ஆல்டர்னேட்டரிலிருந்து அளவாகக் கரண்ட் எடுத்து இரண்டாவது பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டேஜில் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் என்னும் கருவிதான் வழி. 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்று, மதுரையிலிருந்து ராமேசுவரம் போய்ச் சேரும் மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ 90 ஆம்பியர்-மணி ஏற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சோலார் படுத்துவிடும்போது கைகொடுப்பது இதுதான்.

பழைய பஸ்ஸை வாங்கி மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பஸ்ஸும் லாரியும் 24 வோல்ட். அதில் வரிசையாக உள்ள இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவி ஆடியோ செட்டுக்குக் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கம். அப்படிச் செய்தால் ஒரு பேட்டரி என்றும் பசியோடும் மற்றது என்றும் வயிறு புடைக்கவும் இருந்து, இரண்டுமே சீக்கிரம் சாகும். 24-இலிருந்து 12-ஆக மாற்றும் கன்வெர்ட்டர் போட வேண்டும்.

இனி சோலார். எங்கள் வண்டியின் 330 வாட் தகடு உச்சி வெயிலில்கூட நூறு வாட்டைத் தாண்டுவதே அபூர்வமாக இருந்தது. காரணம் தகடு அல்ல, தகட்டின் கரண்ட்டைக் கட்டுப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்ப அதோடு வந்த மலிவான பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர். 72 செல் கொண்ட அந்தத் தகடு 37 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் தருவது. பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் தகட்டை நேரடியாகப் பேட்டரியோடு சேர்த்துவிடுவதால், தகடும் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. அதே 9 ஆம்பியரை 13-ஆல் பெருக்கினால் 117 வாட்; மீதி இருநூறு வாட்டும் வீண். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் கூடுதல் வோல்ட்டைக் கூடுதல் ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுக்கும். 36 செல் கொண்ட சிறு தகடு, அதாவது 18 வோல்ட் வாக்கில் வேலை செய்வது, ஒன்றிரண்டு மட்டும் வைத்திருப்பவருக்குப் பி.டபிள்யூ.எம். போதும். வீட்டுக் கூரைக்கு வரும் பெரிய தகட்டை வண்டியில் ஏற்றுகிறவர் எம்.பி.பி.டி. இல்லாமல் ஏற்றினால், பாதிக்கு மேல் காசைக் கூரையில் காயப் போடுகிறார் என்றே பொருள். கன்ட்ரோலரை மாட்டும்போது முதலில் பேட்டரியையும் பிறகு தகட்டையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் தகடு. இந்த வரிசையை மாற்றிப் புகைந்துபோன கன்ட்ரோலர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இங்கே மறைந்திருக்கும் ஆபத்து ஒன்றுண்டு. தகட்டின் வயரில், கரண்ட் மிகுந்தால் தானே துண்டிக்கும் வீட்டு எம்.சி.பி. சுவிட்சைப் போட்டு விடுகிறார்கள். வீட்டுக்கு வரும் ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டு வருவதால், எம்.சி.பி. திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். தகட்டிலிருந்து வரும் டி.சி.க்கு அந்தப் பூச்சியமே கிடையாது. சுமை எதுவும் இல்லாதபோது 46 வோல்ட் காட்டும் இரு தகடுகளை வரிசையாக இணைத்தால் 92 வோல்ட். அதைத் துண்டிக்க வீட்டு எம்.சி.பி.யைப் பயன்படுத்தினால் பொறி நின்று எரிந்து எம்.சி.பி.யையே உருக்கிவிடும். டி.சி. என்று அச்சிட்டு, எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று குறித்திருக்கும் எம்.சி.பி.யைக் கேட்டு வாங்க வேண்டும்.

தகட்டைச் சாய்த்து வைக்கச் சிலர் பெரிய இரும்புச் சட்டம் செய்கிறார்கள். நம் ஊருக்கு அது தேவையில்லை. மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களிலும் ஆவணித் தொடக்கத்திலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். கூரையில் படுக்கப் போட்டாலே போதும். தேவை வேறு ஒன்று. தகட்டுக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவே நாலு விரற்கடைக்குக் குறையாமல் காற்றோடும் இடைவெளி விட வேண்டும். தகட்டின் மேல் அச்சிட்ட வாட் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. நம் கோடையில் செல்லின் வெப்பம் 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் என்று கணக்கிட்டால் 16 சதவீதம் வெப்பத்திலேயே போய்விடும். தகரத்தோடு ஒட்டிவைத்த தகடு இன்னும் சூடாகும். அடுத்தது நிழல். மக்கள் இருக்கும் வண்டி வேப்பமரத்தடியைத் தேடுகிறது, தகடோ வெட்டவெளியைத் தேடுகிறது. தகட்டின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலும் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி அப்படியே நின்றுபோகலாம். இப்போது நாங்கள் கூரைத் தகட்டோடு மடக்கும் தகடு ஒன்றையும் பத்து மீட்டர் வயரையும் எடுத்துப் போகிறோம். வண்டி நிழலில் நிற்கிறது, தகடு வெயிலில் காய்கிறது.

எத்தனை வாட், எத்தனை ஆம்பியர்-மணி என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கணக்கையே தருகிறேன். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகை 25 வாட் ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம்: 500 வாட்-மணி. எல்.இ.டி. விளக்குகளுக்கு 100. விட்டு விட்டு ஓடும் 12 வோல்ட் சிறு ஃப்ரிட்ஜுக்கு 540. செல்போன்களுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் 100. ஆக நாளொன்றுக்கு 1,240 வாட்-மணி, ஏறத்தாழ 100 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 200 ஆம்பியர்-மணி வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 120 போதும். நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று வைத்து, வெப்பம், தூசி, வயர் எல்லாவற்றுக்கும் 30 சதவீதம் கழித்தால், 400 வாட் தகடு 1,400 வாட்-மணி தரும். கணக்கு சரியாகக் கட்டுகிறது. ஆனால் இதே கூரையை நம்பி இரவெல்லாம் ஏ.சி. ஓட்டித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. எட்டு மணி நேரத்துக்கு ஐந்தாயிரம் வாட்-மணி எடுக்கும். அதைத் திருப்பி ஏற்ற இப்படிப்பட்ட கூரைகள் மூன்று, நான்கு வேண்டும்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதில் நம் வெயில்தான் நீதிபதி. வெப்பம் எட்டு, பத்து டிகிரி ஏறினால் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். இன்ஜின் சூட்டுப் பக்கம் வைக்கக் கூடாது. சார்ஜ் வோல்ட்டேஜும் வெப்பத்துக்கேற்பக் குறைய வேண்டும். 25 டிகிரியில் 14.4 என்றால் 40 டிகிரியில் 14.0 வாக்கில் நிறுத்த வேண்டும். பேட்டரியோடு ஒட்டிவைக்கும் வெப்ப உணரி உள்ள கன்ட்ரோலர் இதைத் தானே செய்யும். அது இல்லாத வண்டியில் பேட்டரி ஓயாமல் தண்ணீர் இழுக்கிறது. வெளிவரும் ஹைட்ரஜன் வண்டிக்குள் தேங்குகிறது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும். தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரியை மனிதர் படுத்துறங்கும் அறைக்குள் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வைத்தே ஆக வேண்டும் என்றால் மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் உச்சியிலிருந்து வண்டிக்கு வெளியே குழாய் விட வேண்டும். ஹைட்ரஜன் மேலே போகிற வாயு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் இந்த வாயுத் தொல்லை இல்லை, எடையும் குறைவு. ஆனால் பூச்சியம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. மதுரையில் இதற்கு இடமே இல்லை. மார்கழி, தையில் கொடைக்கானலின் உறைபனியில் வண்டியை நிறுத்தி உறங்குகிறவர்கள், விடிந்ததும் வெயில் தகட்டில் பட்டு, பேட்டரி குளிர்ந்திருக்கும்போதே சார்ஜ் ஏறத் தொடங்கும் நேரத்தை நினைவில் வைக்க வேண்டும்.

வாயு என்றதும் சமையல் சிலிண்டரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டு 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டதை இந்த ஊர் மறக்கவில்லை. விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த எரிவாயு சிலிண்டரே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இன்று நான் பார்க்கும் வேன்கள் பலவற்றில் சிலிண்டரும் பேட்டரியும் ரிலேயும் ஒரே பலகைக்கு அடியில் தோளோடு தோள் ஒட்டி இருக்கின்றன. எரிவாயு கனமானது, தரையில் படியும். ரிலே ஒவ்வொரு முறையும் சிறு பொறியோடுதான் திறக்கும். இவற்றைத் தனித்தனி அறைகளாகப் பிரித்து, சிலிண்டர் அறையின் தரையில் வெளியே திறக்கும் துளை வைப்பதற்கு ஒரு நாள் தச்சு வேலைதான் ஆகும்.

230 வோல்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மண்டபத்திலோ உறவினர் வீட்டிலோ ஈ.பி. கரண்ட்டை வண்டிக்கு எடுக்கும்போது, அதுவும் இன்வெர்ட்டர் கரண்ட்டும் ஒரு நொடிகூடச் சந்திக்காதபடி சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இருக்க வேண்டும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம். வண்டி ரப்பர் டயரின் மேல் நிற்பதால், பாடியில் கசிந்த கரண்ட் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கதவின் கைப்பிடியைப் பிடிக்கும் குழந்தைக்குத்தான் தெரியும்.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் தொழில் தரநிலையும் இருக்கிறது. சட்டம் இருக்கிறதே என்று நாம் இருந்துவிட முடியாது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வரும் வண்டியில் பிரேக்கையும் விளக்கையும் பார்க்கும் ஆய்வாளர்கள், இரண்டாவது பேட்டரி இருந்தால் அதன் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். போக்குவரத்துத் துறை இதைத் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டறைக்காரர்கள் செய்துகொடுத்த வயரிங்கைக் கைப்படவாவது வரைந்து, வயரின் கனத்தையும் ஃபியூஸின் அளவையும் குறித்துக் கையொப்பமிட்டு உரிமையாளரிடம் கொடுப்பதை வழக்கமாக்க வேண்டும். உரிமையாளர்கள் அதை வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கென ஒரு வாரக் குறும்பயிற்சி தொடங்கினால், நான் ஊதியமின்றிச் சனிக்கிழமைதோறும் வந்து சொல்லிக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

எங்கள் வேனை நானே மறுபடி வயரிங் செய்து ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஆகிவிட்டன. வரைபடத்தைத் தமிழிலேயே எழுதி, பேட்டரிப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். எந்த ஊரில் நின்றாலும், நான் அருகில் இல்லாதபோதும், திறக்கிறவருக்கு எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அதன் நகலை இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இடம் இருக்குமானால் கடிதத்தைச் சுருக்கிக்கொண்டாவது அந்தப் படத்தை வெளியிடுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர் பயிற்றுநர்,
திருநகர், மதுரை.